கால் விரல் சொன்ன பதில்

அந்த வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, திருப்பத்தூர் பல் ஆஸ்பத்திரியின் உள் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். சாய்வு நாற்காலியில், முகத்துக்கு நேரே விளக்கு எரிய, அமுதவல்லி மல்லாந்திருந்தாள். அவள் தலைமாட்டில் வலப்பக்கமாக, சக்கரம் வைத்த ஸ்டூலில் டாக்டர் கோகுலகிருஷ்ணன். இடப்பக்கம், கருவிகள் பரப்பிய தட்டை ஒட்டி நர்ஸ் சம்பூர்ணம். அவளுக்கும் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது, அவள்தான் அதில் உட்காரவில்லை. கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அமுதவல்லியின் புருஷன் வடிவேலு. அவனுடைய வலது கை, அவள் பாதங்களை மூடியிருந்த பச்சைத் துணிக்கு அடியில் இருந்தது.

"அவ ரொம்ப பயந்தாங்கொள்ளி சார். காலைப் புடிச்சிக்கினு இருந்தா கொஞ்சம் தெம்பா இருப்பா" என்று முதல் தடவை வந்தபோதே கேட்டு அந்த இடத்தை அவன் வாங்கி வைத்திருந்தான். டாக்டருக்கு அது பிடித்துப்போயிற்று. எந்தப் புருஷன் இவ்வளவு தூரம் கூட வருகிறான், எவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான் என்று சம்பூர்ணம்கூட மெச்சிக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கோங்கம்மா. நாக்கை நீட்டுங்க" என்றார் டாக்டர். ஈரத்துணியால் நாக்கு நுனியைப் பிடித்துக்கொண்டார். "பஞ்சால தொடுவேன். தெரிஞ்சா வலது கையைத் தூக்குங்க. தெரியலைன்னா சும்மா இருங்க. தெரியலைன்னா தப்பே இல்ல."

வலப்பாதி நாக்கில் பஞ்சு பட்டது. தெளிவாகத் தெரிந்தது. கையைத் தூக்கினாள். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இடப்பாதிக்குப் போயிருக்கிறார் என்று அந்த ஒன்றும் நடக்காததை வைத்துத்தான் அவள் ஊகித்தாள். வாய்க்குள் இடதுபக்கம் நாக்கு என்று ஒன்று இருக்கிறதா என்பதே அவளுக்கு நிச்சயமில்லை. அப்போது துணிக்கு அடியில், மெட்டி போட்ட விரலை வடிவேலு ஒரு அமுக்கு அமுக்கினான்.

அமுதவல்லி வலது கையைத் தூக்கினாள்.

"வெரி குட்" என்றார் டாக்டர்.

அமுக்கினால் தூக்கு, இல்லாவிட்டால் சும்மா கிட. இதுதான் இருவருக்கும் ஏற்பாடு. அடுத்து டாக்டர் கவராயம் மாதிரி இருந்த ஒரு கருவியை எடுத்து, "ஒரு முனை வைக்கறேனா, ரெண்டு முனையா, விரல்ல காட்டுங்க" என்றார். கால்மாட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு விளக்கு வெளிச்சத்தில் அந்த முனைகள் நன்றாகத் தெரிந்தன. ஒரு அமுக்குக்கு ஒரு விரல். இரண்டு அமுக்குக்கு இரண்டு விரல். ருசிப் பரிசோதனையில் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். உப்புத் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் ஒரே மாதிரி பாட்டிலில் இருந்தன. எது எது என்று வடிவேலுவுக்கே தெரியவில்லை. அமுதவல்லி தெரியவில்லை என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"பரவால்ல, ருசி கடைசியாத்தான் வரும்" என்று டாக்டரே சமாதானம் சொன்னார்.

சம்பூர்ணம் குறித்திருந்த தாளைப் படித்தாள். "இடது பக்கம், பஞ்சு, பத்துக்குப் பத்து சார். போன வாட்டி அஞ்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல."

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அமுதவல்லியும் சிரித்துவைத்தாள். சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியவில்லை.

பதினொரு வாரத்துக்கு முன்னால், இதே ஆஸ்பத்திரியில்தான் அவளுடைய இடதுபக்கக் கீழ்த்தாடையின் கடைசிப் பல்லை எடுத்தார்கள். ஈறுக்குள் படுத்தவாக்கில் புதைந்து, இரண்டு வருஷமாக வீங்கி வீங்கி அடங்கிய பல். எடுக்கும் முன்னே, பக்கத்தில் நரம்பு ஓடுகிறது, ஆயிரத்தில் ஒருத்தருக்கு மரப்பு தங்கிப்போகலாம் என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். ஆயிரத்தில் ஒருத்தர் என்றால் வேறு யாரோ என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவளும் நினைத்தாள். ஊசி போட்ட மரப்பு சாயங்காலத்துக்குள் போய்விடும் என்றார்கள். உதட்டில் போயிற்று, தாடையில் போயிற்று. நாக்கின் இடப்பாதியில் போகவே இல்லை. மறுநாளும் இல்லை, மறு வாரமும் இல்லை.

அவள் புதூர்நாட்டில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் சமையல்காரி. நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று வேளை. பத்து வருஷமாகக் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தால் போதும், உப்பா புளியா என்று சொல்லிவிடுவாள். இப்போது பாதி நாக்கில் குழம்பு பட்டால் வெந்நீர் பட்ட மாதிரிகூடத் தெரிவதில்லை. முதல் வாரமே சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். "அக்கா, கடலு உன் வூட்டுப் பக்கம் வந்துட்ச்சா?" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டுச் சிரித்தன. கூடச் சமைக்கிற குப்பம்மாதான் அன்றிலிருந்து ருசி பார்த்துச் சொன்னாள். ருசியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால் நல்லது. அவள் வாயையும் திறந்தாள்.

"ஆபரேசன் கீபரேசன்னு போய்டாத அமுதா. எங்க சின்ன மாமனாருக்கு வாயில பண்ணாங்க. தாடையைத் தொறந்து மூடினாங்க. அப்பறம் அவரு பேசினா ஆடு கத்தற மாரி இருக்கும். சாவற வரைக்கும் ஸ்ட்ரா வச்சித்தான் குடிச்சாரு."

அந்தச் சின்ன மாமனாருக்கு வந்தது புற்றுநோய், இவளுக்கு வந்தது வேறு என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. அன்று முதல் அமுதவல்லி கண்ணை மூடினால் ஒரு ஆடு கத்தியது.

வேலூரிலிருந்து வியாழன்தோறும் வருகிற தாடை அறுவை டாக்டர்தான் கோகுலகிருஷ்ணன். முதல் தடவை அவர் ஒரு தாளில் படம் வரைந்து நிதானமாகத்தான் சொன்னார். நரம்பு நசுங்கியிருந்தால் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வரும். அறுந்திருந்தால் வராது. வாயைத் திறந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். "உங்க நாக்குதான் எனக்குச் சொல்லணும். அதுக்குத்தான் நாலு வாரத்துக்கு ஒரு தரம் இந்த டெஸ்ட்டு. மூணு மாசத்துல ஒண்ணும் வரலைன்னா, ஆபரேஷன் பண்ணி ரெண்டு நுனியையும் சேர்த்துத் தைக்கணும்."

இவ்வளவில் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குக் கொண்டுபோனது 'ஆபரேஷன்' என்ற ஒரே சொல்லைத்தான்.

வடிவேலு கூலிக்கு ஒருத்தர் ஜீப்பை ஓட்டுகிறவன். அடிவாரத்திலிருந்து மலைக்கு ஆளும் சாமையும் புளியும் பலாப்பழமும் ஏற்றி இறக்கிப் பழகியவன். கண் பரிசோதனைக்குப் போனால் எழுத்து அட்டையை முன்னாடியே மனப்பாடம் செய்துகொண்டு போகிற ரகம். "டெஸ்ட்டுன்னு ஒண்ணு வச்சாலே அது நம்மள ஃபெயில் பண்ணத்தான்" என்பது அவன் கணக்கு. "அவரு பஞ்சு வைக்கும்போது நான் விரலை அமுக்கறேன். நீ கையைத் தூக்கு. ஒரேயடியா தூக்கிடாத. இந்த வாட்டி அஞ்சு மார்க்கு, அடுத்த வாட்டி ஒம்போது. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாத்தான் நம்புவாங்க." முதல் தடவை நிஜமாகவே அவளுக்குத் தெம்பு கொடுத்த அந்தக் கை, இரண்டாம் தடவையிலிருந்து இப்படி வேலை பார்த்தது. அமுதவல்லியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டின் சத்தம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

இன்று டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நசுங்கின நரம்புதான். அழகா வந்துக்கிட்டு இருக்கு. ஆபரேஷன் தேவையில்ல. இனிமே ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்."

வடிவேலு எழுந்து நின்று கும்பிட்டான். "நீங்க நல்லா இருக்கணும் சார்."

அமுதவல்லி வாய் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போனாள். சம்பூர்ணம் பின்னாலேயே துண்டோடு வந்தாள். வாயாடுகிறவள், அதுவும் இன்று மனசு குளிர்ந்திருந்தவள். "நீ புண்ணியம் பண்ணவம்மா. இது அறுந்த நரம்பா இருந்து, தெரியாமலே நாள ஓட்டியிருந்தா இன்னா ஆவறது? சீக்கிரமா சேர்த்துத் தெச்சாத்தான் பலன். நாள் ஆவ ஆவ அந்த நுனி ரெண்டும் காஞ்சி முடிச்சிப் போட்டுக்கும். போன மாசம் ஒருத்தரு வந்தாரு. ஒன்றரை வருசம் கழிச்சி."

"அவருக்கு இன்னா பண்ணாங்க?" என்று அமுதவல்லி கேட்டாள். அவளுடைய சொற்கள் ஓரத்தில் கொஞ்சம் குழைந்துதான் வந்தன.

"இன்னா பண்றது? டாக்டரு பக்குவமா எடுத்துச் சொன்னாரு. பழகிக்கணும்னு. ஆறடி ஆளு, இந்தக் குழாயைப் புடிச்சிக்கினு அழுதாரு."

அமுதவல்லியும் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

இதுநாள் வரை அவள் பயந்தது கத்திக்கு. கத்தி வராமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை. உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். டாக்டர் வாசலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்து மறுபடி சிரித்தார். "எல்லாம் தெரியுதில்ல?"

"தெரியுதுங்க" என்றது அவள் வாய்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் வடிவேலு பரோட்டாவும் சால்னாவும் சொன்னான். இரண்டு மாசமாக அவள் கஞ்சியும் குழைந்த சோறும்தான் தின்றாள். "பாஸாயிட்ட, தின்னு" என்று பிய்த்துப் போட்டான். அவள் வலப்பக்கமாகவே மென்றாள். எதிரே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தவனின் கை நின்றது. அவன் அவள் தட்டையே பார்த்தான்.

"அமுதா, சால்னா ஏன் இவ்ளோ செவப்பா கீது?"

சால்னா இல்லை. கீழுதட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் விரலை வாய்க்குள் விட்டுத் தொட்டுப் பார்த்தாள். நாக்கின் இடது ஓரத்தில் ஒரு துண்டு சதை தனியாக ஆடியது. தன் பல்லாலேயே தன் நாக்கைக் கடித்து மென்றிருக்கிறாள். ஒரு எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது. வலித்திருந்தால் அழுதிருப்பாள்.

ஓட்டல்காரர் ஐஸ் கொடுத்தார். துணியில் சுற்றி வாயில் வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் ஏறினாள். மலை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் நாக்கு பல்லுக்கு நடுவில் போய்விடுமோ என்று வாயைத் திறந்தே வைத்திருந்தாள்.

"திரும்பிப் போய்ச் சொல்லிடலாம் மாமா" என்றாள்.

"இன்னா சொல்றது? நாங்க காப்பி அடிச்சி பாஸ் பண்ணோம்னா?" வடிவேலு குரலைத் தணித்தான். முன் சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "சும்மா வா. தானா வரும்னு அவரே சொன்னாருல்ல?"

"அது நீ அமுக்கினதுக்கு சொன்னாரு. என் நாக்குக்கு சொல்லல."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளி, சனி, ஞாயிறு. பள்ளிச் சமையற்கட்டில் யாரும் இல்லாத மத்தியான நேரத்தில், அவள் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று தானே டெஸ்ட் வைத்துக்கொண்டாள். பஞ்சை முறுக்கி வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. தையல் ஊசியை அடுப்பில் காட்டி, ஆறவைத்து, நாக்கின் இடதுபக்கம் குத்தினாள். குத்தக் குத்தக் கண்ணாடியில் ஒவ்வொரு சிவப்புப் புள்ளியாகக் கிளம்பிப் பெரிதாவது தெரிந்தது. அது வேறு யாருடைய நாக்கோ என்பது மாதிரி அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பயம் வந்தது. கழுத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. ஊசியைப் போட்டுவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். பல் எடுத்த நாளிலிருந்து எண்ணினால் வருகிற வியாழன் பன்னிரண்டு வாரம். டாக்டர் சொன்ன மூன்று மாசத்துக்கு அதற்கப்புறம் ஒரே ஒரு வியாழன்தான் மிச்சம். ஆறு மாசம் கழித்து வா என்றார்.

திங்கட்கிழமை சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண்ணுக்கு அவசரம்.

"டாக்டர்கிட்ட... நான்... தப்பா சொல்லிட்டேன்..."

"இன்னா சொல்றீங்க? சத்தமா பேசுங்க. வாயில எதுனா வச்சிக்கினு பேசறீங்களா?"

ஆடு கத்துகிற மாதிரி தான் ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டோமோ? போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்கப் பிள்ளைகளுக்குக் கரண்டியால் மட்டும் பதில் சொன்னாள்.

நேரே போய்ச் சொல்லலாம். ஆனால் நேரே போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் சிரிப்பார். தெரியுதா என்று கேட்பார். தெரியுதுங்க என்று வாய் சொல்லிவிடும். படித்தவர்கள் கேட்டால் ஆமாங்க என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த வாய் அது. அவள் போய்ச் சேருவதற்கு முன்னால் விஷயம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பின்வாங்க வழியில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம், பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும், கோடு போட்ட நோட்டிலிருந்து நான்கு தாள் கிழித்தாள். ஆலங்காயம் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். விண்ணப்பம் எப்படி எழுத வேண்டும் என்பது கைக்கு மறக்கவில்லை. இடப்பக்கம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர், நடுவில் பொருள்.

'பொருள்: நாக்கில் உணர்ச்சி வந்துவிட்டதாக நான் பொய் சொன்னது குறித்து.'

வடிவேலு ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன், தோளுக்கு மேலாக அந்த வரியைப் படித்தான்.

"இன்னாடி இது, போலீசுக்கா எழுதற?"

"டாக்டருக்கு."

"என் பேரப் போட்டியா?"

"போடணும்."

"போடாத. கேஸு போட்டா இன்னா பண்றது? லைசென்ச புடுங்கிட்டா?"

"நாக்குக்கும் லைசென்சுக்கும் இன்னா மாமா சம்பந்தம்?"

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒண்ணா இருக்குதாம்" என்றான் அவன். அவனுக்கே அது சரியாகப் படவில்லை. கதவருகே குந்திக்கொண்டான். "குப்பம்மா சொன்னது மறந்துபோச்சா? தொறந்து மூடினா உன் பேச்சே போய்ட்டா இன்னா பண்ணுவ?"

அமுதவல்லி பேனாவை வைத்தாள். அவன் பக்கம் திரும்பி வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். ஓட்டலில் கடித்த இடம் வெள்ளையாகப் பொங்கிச் சீழ் கட்டியிருந்தது. பக்கத்தில் ஊசிப் புள்ளிகள், வரிசையாக ஒன்பது, பத்து.

"இது இன்னா?"

"நான் குத்திக்கினது. ஒண்ணுகூட தெரியல."

வடிவேலு பார்த்தான். பார்க்க முடியாமல் தலையைத் திருப்பினான். மறுபடி பார்த்தான். "எழுது" என்றான்.

அவள் நிதானமாக எழுதினாள். எந்தத் தேதி பல் எடுத்தது. எந்தெந்த வியாழன் வந்தது. முதல் வியாழன் சொன்னதெல்லாம் நிஜம். இரண்டாம் வியாழன் ஐந்து தரம் கையைத் தூக்கியது பொய். மூன்றாம் வியாழன் பத்து தரமும் பொய். இரட்டை முனைக் கருவிக்குக் காட்டிய விரல்களும் பொய். இதெல்லாம் எப்படிச் செய்தோம் என்பதற்கு நாற்காலிகள் எங்கெங்கே இருந்தன என்று ஒரு சின்னப் படமும் போட்டாள். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னான் வடிவேலு. படித்தாள்.

"பத்துன்னு போடாத" என்றான் அவன்.

"சம்பூர்ணம் பத்துன்னுதானே படிச்சாங்க?"

"படிச்சாங்க. ஆனா நான் அமுக்கினது ஒம்போதுதான். ஒண்ணு வேணும்னே விட்டேன். பத்தும் சரியா சொன்னா சந்தேகம் வரும்ல? நீ அதுக்கும் தூக்கிட்ட. அவசரக்குடுக்கைன்னு அப்பவே மனசுல திட்டினேன்."

அமுதவல்லியின் கை நின்றது. "எது?"

"ஏழாவதோ எட்டாவதோ. பின்னாடி ஓரமா வச்சாரு."

"நீ அமுக்கவே இல்லையா? நல்லா யோசிச்சு சொல்லு. கை பட்டிருக்கும்."

"கையை எடுத்து முட்டி மேல வச்சிக்கினேன் அமுதா. சத்தியமா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நாற்காலியை, அந்த விளக்கை, பஞ்சு பட்ட ஒவ்வொரு தரத்தையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவரப் பார்த்தாள். கை தூக்கியது ஞாபகம் இருந்தது. எதற்காகத் தூக்கினாள் என்பது ஞாபகம் இல்லை. நாக்கில் என்னவோ பட்டதா? பழக்கத்தில் கை தானாகப் போயிற்றா? ஊசி குத்தியபோது பின் ஓரத்தில் குத்தவே இல்லை. கண்ணாடியில் அந்த இடம் தெரியாது. இப்போதே குத்திப் பார்க்கலாமா என்று எழுந்தவள், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குத்தினால் தெரிகிற மாதிரி இருக்கும். தெரிய வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்படுகிறவள் சொல்வதை யார் நம்புவது? அவளே நம்பமாட்டாள். இருக்கிற பயத்தோடு இந்த ஆசையும் சேர்ந்துகொண்டது. ஆசை இல்லாமல் வெறும் பயமாக இருந்தபோது இதைவிடச் சுலபமாக இருந்தது.

'பத்து' என்பதை அடித்துவிட்டு 'ஒன்பது' என்று திருத்தினாள். கீழே இப்படி எழுதினாள்:

'ஏழாவது அல்லது எட்டாவது தரம், பின் ஓரத்தில், என் கணவர் விரலை அமுக்கவில்லை என்கிறார். நான் ஏன் கையைத் தூக்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை. உணர்ச்சியா பழக்கமா என்று சொல்ல என்னால் முடியாது. தாங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வியாழன் மத்தியானம் நான் வருகிறேன். மறுபடி முதலிலிருந்து டெஸ்ட் வையுங்கள். என் கணவரை வெளி பெஞ்சில் உட்கார வையுங்கள். நான் தெரியுதுங்க என்று வாயால் சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம். ஆபரேஷன் என்றால் எனக்கு மிகவும் பயம். ஆனாலும் நாள் கடந்துவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. செய்ய வேண்டும் என்றால் செய்துவிடுங்கள்.'

"தப்பு எங்க வூட்டுக்காரரு மேலதான்னு போடு" என்றான் வடிவேலு கதவடியிலிருந்து.

"ரெண்டு பேரு மேலயும் போட்டிருக்கேன்."

"அப்ப கீழ நானும் கையெழுத்துப் போடறேன். குடு."

அவள் கையெழுத்துக்குக் கீழே அவன் நீட்டி முழக்கித் தன் பெயரை எழுதினான். தேதியும் போட்டான். ஜீப் டிரைவர் என்றும் போட்டுக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும், காலை டிபனுக்கு அரிசி களைந்து வைத்துவிட்டு, இரண்டு சோற்றுப் பருக்கையைத் தாளில் மடித்துக்கொண்டு அமுதவல்லி பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். அவளும் வடிவேலுவும் அடுத்த பஸ்ஸுக்குத்தான் கிளம்ப முடியும். நூற்று நாற்பது பிள்ளைகள் சாப்பிட்டாக வேண்டும். டாக்டர் பத்து மணிக்கு வந்துவிடுவார். மலையிலிருந்து கீழே அவசரமாகப் போக வேண்டிய தாள், மாத்திரைச் சீட்டு, சாவி எல்லாம் முதல் பஸ்ஸில்தான் போகும். கண்டக்டர் கண்ணாயிரம் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்ணாயிரம் படியில் தொங்கியபடி, "இன்னாக்கா, கையில கவரு? அண்ணனுக்கு லவ் லெட்டரா?" என்றான்.

"பல் ஆஸ்பத்திரில நர்ஸ் சம்பூர்ணம்கிட்ட குடுக்கணும். டாக்டரு வர்றதுக்கு முன்னாடி" என்றாள் அவள். ஒவ்வொரு சொல்லையும் மெல்ல, தனித்தனியாகச் சொன்னாள். கண்ணாயிரத்துக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்லு என்று அவன் கேட்கவில்லை.

"கவரு ஒட்டவே இல்லையே?" என்றான்.

"இருப்பா."

கடைசியாக ஒரு தரம் தாள்களை வெளியே எடுத்தாள். 'செய்துவிடுங்கள்' என்ற சொல்லைப் பார்த்தாள். அடித்துவிடலாமா என்று தோன்றியது. பேனா கொண்டு வரவில்லை. தாள்களை உள்ளே செருகி, பருக்கையை விரலால் நசுக்கிக் கவரின் ஓரம் முழுக்கத் தேய்த்து, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். இன்ஜின் அதிர்ச்சி கவர் வழியாக அவள் கைக்குள் வந்தது.

"சம்பூர்ணம். பத்து மணிக்குள்ள" என்றாள் மறுபடி.

"போய்ட்டு குடுத்துட்டுத்தான் டீயே குடிப்பேன், போக்கா" என்று கண்ணாயிரம் கவரை வாங்கித் தோல் பைக்குள் போட்டு, பித்தானை மாட்டி, விசில் கொடுத்தான்.